குசினியில் செபித்தவர்: சகோதரர் லாரன்ஸ்

பங்குச் சுவாமியார் வீடு சந்திக்க வரும்போது குடும்பத் தாய்மார் பலர் சொல்லும் குறை ஒன்றுண்டு. செபிக்க நேரமில்லை என்பதே அந்தக் குறை. விடிந்தால் அடுப்பு, பிள்ளைகள், பள்ளிக்கூடம், வேலை; இரவில் செபமாலையைக் கையில் எடுத்தால், இரண்டாம் தேவ இரகசியம் முடியுமுன்னே கண் சொக்கிவிடுகிறது என்பார்கள். குடும்பத் தலைவர்கள் சொல்லும் குறை வேறு. முழந்தாளிட்டாலும் மனம் நிற்பதில்லை. கடையிலும் கழனியிலும் கடன்காரரிடத்திலும் சுற்றித் திரிகிறது. இப்படிப் பராக்கோடு செபிப்பதைவிடச் செபிக்காமலே இருந்துவிடலாமே என்று சோர்ந்து பேசுவார்கள்.

இந்த இரண்டு குறைகளையும் முழுதும் அனுபவித்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். அவர் குருவானவரல்ல, பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்க்கவும் இல்லை. பாரிஸ் பட்டணத்து மடமொன்றில் சுமார் 15 ஆண்டுகள் குசினி வேலை செய்த ஓர் ஏழைச் சகோதரர் அவர். ஆனாலும் அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், செபிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் உலகெங்கும் அவரைத் தேடிப் போகிறார்கள். அவர்தான் உயிர்த்தெழுதலின் சகோதரர் லாரன்ஸ்.

அவர் 1614-ஆம் ஆண்டளவில் லொரேன் நாட்டிலே, லூனெவில் நகருக்கு அருகிலுள்ள ஹெரிமெனில் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த நாடு இப்போது பிரான்ஸ் தேசத்தின் ஒரு பகுதி. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் நிக்கோலா ஹெர்மன். அவர்கள் தேவ பயமுள்ளவர்கள்; பிள்ளையை ஞான ஒழுக்கத்தில் வளர்த்தார்கள்.

நிக்கோலாவுக்குப் பதினெட்டு வயதானபோது நடந்த ஒரு சிறு காரியம் அவர் வாழ்நாளெல்லாம் அவரை விட்டு நீங்கவில்லை. அது குளிர்காலம். இலையெல்லாம் உதிர்ந்து, பட்டுப்போனதுபோல் நின்ற ஒரு மரத்தை அவர் கண்டார். இன்னும் சில வாரங்களில் இதே மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. உடனே சர்வேசுரனுடைய வல்லமையும் பராமரிப்பும் அவர் உள்ளத்தில் வெளிச்சம்போல் பாய்ந்தன. காட்சியுமில்லை, குரலுமில்லை, கண்டது ஒரு மொட்டை மரம், அவ்வளவே. அன்று அடைந்த தேவ சிநேகத்தைவிடப் பின்னாளில் தாம் அதிகமாக வளர்ந்ததாகச் சொல்ல முடியாது என்று அவர் முதுமையில் கூறியதுண்டு.

ஆனால் அந்த வெளிச்சம் அவரை நேரே மடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவை முப்பது ஆண்டு யுத்தம் வாட்டிக்கொண்டிருந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த அந்தப் போரில் லொரேன் நாடு சூறையாடப்பட்டது. நிக்கோலாவும் ராணுவத்தில் சேர்ந்தார். ஜெர்மானியப் படையினர் அவரைப் பிடித்து, வேவுகாரன் என்று குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப் போவதாக மிரட்டினார்கள். தாம் குற்றமற்றவர் என்றும் சாவுக்கு அஞ்சவில்லை என்றும் அவர் அமைதியாகப் பதில் சொல்லவே, அவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். பின்பு 1635-ல் ராம்பெர்வில்லே என்ற ஊரைச் சுவீடன் நாட்டுப் படை தாக்கியபோது அவர் காயமுற்றார். போர்த்தொழில் அதோடு முடிந்தது. ஆனால் கால் ஊனம் கடைசிவரை கூடவே வந்தது.

காயம் ஆற வீட்டுக்குத் திரும்பிய இளைஞர் தம் கடந்த நாட்களை நினைத்துப் பார்த்தார். போர்வீரர் நடுவே தாம் வாழ்ந்த வாழ்க்கையை எண்ணி வருந்தினார். ஒரு நண்பரோடு வனவாசியாக வாழப் பார்த்தார், அது சரிப்படவில்லை. தனிமையிலே ஒரு நாள் சந்தோஷம், மறுநாள் துக்கம், ஒரு வேளை பக்தி, மறுவேளை சலிப்பு என்று மனம் அலைந்தது. ஒழுங்கும் கீழ்ப்படிதலும் இல்லாத தனிமை தமக்கு ஏற்றதல்ல என்று உணர்ந்து பாரிசுக்கு வந்தார். அங்கே ஃபியெபே என்ற பெரிய அதிகாரியின் மாளிகையில் ஏவலாளாகச் சேர்ந்தார். அந்த வேலையிலும் அவருக்கு நற்பெயர் கிடைக்கவில்லை. தொட்டதையெல்லாம் உடைத்துவிடும் முரட்டுக் கை தமக்கு என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

1640-ஆம் ஆண்டு, ஏறக்குறைய இருபத்தாறு வயதில், பாரிஸ் வோஜிரார் தெருவிலிருந்த கார்மேல் மடத்தின் கதவைத் தட்டினார். அர்ச். அவிலா தெரேசம்மாளும் அர்ச். சிலுவை அருளப்பரும் சீர்திருத்திய கார்மேல் சபையின் மடம் அது. குருப்பட்டத்துக்குப் படிக்காமல், கை வேலையால் மடத்துக்கு ஊழியஞ்செய்யும் சகோதரர்களில் ஒருவராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். லாரன்ஸ் என்ற பெயரைப் பெற்று, 1642-ல் வார்த்தைப்பாடு கொடுத்தார். தம்முடைய முரட்டுத்தனத்துக்கும் குற்றங்களுக்கும் அங்கே தோலை உரித்துவிடுவார்கள், அதையே பாவப் பரிகாரமாக ஒப்புக்கொடுத்துவிடலாம் என்று எண்ணித்தான் அவர் வந்தார். கண்டதோ வேறு. சர்வேசுரன் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தண்டனையை எதிர்பார்த்து வந்த இடத்தில் திருப்தியைத்தவிர வேறொன்றையும் காணவில்லையாம்.

அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? குசினி வேலை. அதில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு. கால் நொண்டி; கை முரடு; வேலையோ நாள் முழுதும் நிற்க வேண்டிய வேலை. ஒருவர் ஒன்று கேட்பார். அதை முடிக்குமுன் மற்றொருவர் வேறொன்று கேட்பார். அடுப்புப் புகை, பாத்திர ஓசை, பூசைக்கும் செபத்துக்கும் அடிக்கிற மணி, வேளை தவறாமல் போட வேண்டிய சாப்பாடு! செபிப்பதற்கென்றே மடம் சேர்ந்தவரைச் சட்டி பானைகளின் நடுவே நிறுத்திவிட்டார்கள். வேறொருவராயிருந்தால் முணுமுணுத்திருப்பார். அவர் ஒரு தீர்மானம் செய்துகொண்டார். குசினியில் நிற்பதும் கீழ்ப்படிதலே. கீழ்ப்படிதல் இருக்கிற இடத்தில் சர்வேசுரன் இல்லாமற் போவாரா? அப்படியானால் அவரோடு பேச இந்த இடமே போதும் என்று தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய சரித்திரங்களை வாசிக்கும்போது, அவர் தொடங்கினார், உடனே வெற்றி பெற்றார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். சகோதரர் லாரன்சுக்கு அப்படி நடக்கவில்லை. முதற் பத்து ஆண்டுகள் அவர் மிகுந்த வேதனையில் கழித்தார். தியான வேளையில் முழந்தாளிட்டால் பராக்குகளைத் துரத்துவதும், மறுபடி அவற்றில் விழுவதுமாகவே நேரம் போய்விடும். தம் பழைய பாவங்கள் எப்போதும் கண்முன் நின்றன. அதற்குமேல் ஒரு பயங்கர எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. தாம் நரகத்துக்குக் குறிக்கப்பட்டவர் என்றே அவர் நம்பலானார். யார் சொல்லியும் அந்த எண்ணம் மாறவில்லை. நான்கு ஆண்டுகள் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே அடுப்பை மூட்டினார், சோறு வடித்தார், பாத்திரம் துலக்கினார்.

அவர் என்ன செய்தார்? செபத்தை விடவில்லை. ஒரு நாள் தம் மனதோடு இப்படித் தீர்த்துக்கொண்டார்: தாம் மடத்துக்கு வந்தது தேவ சிநேகத்துக்காகவே, இதுவரை அதற்காகவே நடக்க முயன்றதும் உண்மை, இனித் தாம் இரட்சிக்கப்பட்டாலும் சரி, இழந்து போனாலும் சரி, உயிருள்ளவரை ஆண்டவரை நேசிக்கத் தம்மாலானதைச் செய்வதில் நிறுத்தமில்லை, அந்த நன்மையாவது தமக்கு மிஞ்சட்டும். மோட்சம் கிடைக்குமா என்ற கணக்கையே சர்வேசுரன் கையில் விட்டுவிட்டார். அந்தத் துன்பம் சாகும்வரை நீடித்தாலும் சரி என்று அவர் துணிந்த பிறகுதான் அது நீங்கியது. திடீரென்று மனம் மாறி, அமைதி வந்தது. அந்த அமைதி அதற்குப் பின் அவரை விட்டுப் போகவே இல்லை.

அவர் கையாண்ட முறை மிக எளியது. ஒரு வேலையைத் தொடங்குமுன், இதைச் செய்யத் தேவ உதவி வேண்டுமென்று குழந்தையைப்போல் கேட்பார். வேலை நடக்கும்போது இடையிடையே மனதை ஆண்டவரிடம் எழுப்பி, ஒரு சிறு ஆராதனையோ நன்றியோ சொல்லுவார். அவற்றைத்தான் நாம் மனவல்லய செபங்கள் என்கிறோம். வேலை முடிந்ததும் எப்படிச் செய்தோமென்று பார்ப்பார். நன்றாயிருந்தால் நன்றி சொல்வார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார்; தம்மை விட்டுவிட்டால் இப்படித்தான் நடக்கும், ஆண்டவரே தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, மனம் உடைந்து உட்கார்ந்துவிடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சட்டியில் முட்டையைப் புரட்டிப் போடுவதும் அவருக்குத் தேவ சிநேகத்துக்காகச் செய்யும் வேலை. தரையில் கிடக்கிற துரும்பை எடுப்பதும் அதற்காகவே. நாம் செய்யும் வேலையின் பெருமையைச் சர்வேசுரன் பார்ப்பதில்லை, அதிலுள்ள சிநேகத்தையே பார்க்கிறார் என்பது அவர் கண்ட உண்மை.

வேலை முழுதும் அவருக்குச் செபமாய்ப் போனதால், குறித்த செப வேளைகளை அவர் விட்டுவிட்டாரா? இல்லை. மணி அடித்ததும் மற்றச் சகோதரர்களோடு போய் முழந்தாளிட்டார். சிரேஷ்டர் கற்பித்தபடி தியானமும் செய்தார். ஆனால் கோவிலிலிருந்து குசினிக்குத் திரும்பும்போது ஆண்டவரை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஆண்டவரோடு இருந்தார். சந்தடி மிகுந்த குசினியிலும் தேவநற்கருணைக்கு முன் முழந்தாளிலிருப்பது போன்ற அமைதி அவருக்கு இருந்தது.

அவரைத் திராட்சரசம் வாங்கி வரும்படி பர்கண்டிப் பகுதிக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தின ஆண்டு இதே காரியமாக ஓவெர்ஞ் பகுதிக்கும் போயிருந்தார். வியாபாரம் பேச அவருக்குச் சற்றும் தெரியாது. படகிலோ, ஊனமான காலோடு நடக்க முடியாமல், பீப்பாய்களின்மேல் உருண்டுதான் ஓரிடத்திலிருந்து ஓரிடம் போக வேண்டும். அவர் கலங்கவில்லை. இது ஆண்டவருடைய காரியம், தாம் செய்ய வந்திருப்பதும் அவருக்காகவே என்று சொல்லிவிட்டுத் தம்மாலானதைச் செய்தார். காரியம் எப்படி முடிந்ததென்று அவருக்கே தெரியாது. ஆனால் நன்றாக முடிந்திருந்தது. விலை பேசத் தெரியாதென்று வெட்கப்பட்டு மடத்திலே இருந்துவிடாமல், ஊனமான காலோடு படகில் ஏறிய பிறகுதான் அவர் மீதியை ஆண்டவர் பொறுப்பில் விட்டார் என்பதை மறக்கக் கூடாது.

கால் வலி முற்றி, புண்ணும் வந்தபோது, அவரைக் குசினியிலிருந்து மாற்றி, சகோதரர்களுக்குச் செருப்பு தைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் அதையும் எந்நேரமும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருந்தார்.

இந்த ஏழைச் சகோதரரைத் தேடி ஆட்கள் வரலானார்கள். 1666-ஆம் ஆண்டில் ழோசப் த போஃபோர் என்ற குருவானவர் அவரை வந்து சந்தித்து, அவர் சொன்னவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னாளில் காம்ப்ரே நகரின் அதிமேற்றிராணியாரான பெரும் அறிஞர் ஃபெனலோன் அவரைப் பார்க்கப் போனார். அப்போது சகோதரர் கடும் நோயாய்க் கிடந்தார். ஆனாலும் அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சி வந்தவரை வியக்கச் செய்தது. கன்னியாஸ்திரீகளும் இல்லறத்தாரும் ஆலோசனை கேட்டு எழுதினார்கள். அவர் எழுதிய பதில்களில் பதினாறு கிடைத்திருக்கின்றன. பராக்கால் வருந்தும் ஒருவருக்கு, செல்வன் வீட்டு வாசலில் நிற்கும் ஊமைப் பிச்சைக்காரனைப்போல் ஆண்டவர் முன்னே இருந்தால் போதும், மனம் ஓடினால் சண்டை போடாமல் அமைதியாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார். ஓர் இராணுவ வீரரைக் குறித்து, வாளைக் கையில் பிடித்து நடக்கும்போதும் மனதை ஒரு கணம் எழுப்பலாம், அதனால் தைரியம் குறையாது, கூடும் என்று எழுதினார். தாமும் போர் கண்டவரல்லவா?

1691-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் எழுதிய கடைசிக் கடிதத்தில், இன்னும் சில நாட்களில் ஆண்டவரைக் காணும் பாக்கியத்தை எதிர்பார்ப்பதாகச் சொன்னார். அப்படியே அம்மாதம் 12-ஆம் தேதி பாரிசில் அமைதியாக உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது ஏறக்குறைய 77. மரணப் படுக்கையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, நித்தியத்தில் செய்யப்போவதையே, அதாவது சர்வேசுரனைத் துதித்து ஆராதித்து நேசிப்பதையே செய்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்ததைத்தான் அன்றும் செய்துகொண்டிருந்தார். அவர் இறந்தபின் போஃபோர் சுவாமி அந்த உரையாடல்களையும் கடிதங்களையும் சிறு நூல்களாக வெளியிட்டார். நம் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்களும் அவற்றைப் பிரியத்தோடு இன்றும் வாசிக்கிறார்கள்.

பிரியமான குடும்பத்தாரே, இந்தச் சகோதரரின் சரித்திரம் நமக்குச் சொல்வது என்ன? நேரமில்லை என்ற சாக்கு நமக்கு இனி இல்லை. நம் வீட்டு அடுப்பும், அலுவலக மேசையும், பஸ் பயணமும், வயல் வேலையும் ஆண்டவருக்கு எட்டாத இடங்களல்ல. பராக்கு வருகிறதென்று செபத்தை விட்டுவிடவும் நியாயமில்லை. பத்து ஆண்டுகள் பராக்கோடும் பயத்தோடும் போராடியவர்தான் செப மனிதரானார். நூறு முறை மனம் ஓடினால், நூறு முறை திருப்பிக் கொண்டுவருவதே அன்றைய செபம். அதைச் சர்வேசுரன் வீணென்று தள்ளிவிட மாட்டார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வேலையே செபம் என்று சொல்லிக்கொண்டு காலை மாலைச் செபத்தையும், குடும்பச் செபமாலையையும், ஞாயிறு பூசையையும் விட்டுவிடுகிறவர்கள் சகோதரர் லாரன்சைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மணி அடித்தபோது அவர் கோவிலுக்குப் போனவர். முழந்தாளில் ஆண்டவரைச் சந்திக்கிறவனுக்கே வேலையின் நடுவிலும் அவரை அடையாளங் கண்டுகொள்ள முடியும்.

இந்த வாரம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அது நமக்குப் பிடிக்காத வேலையாயிருந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்குப் பாத்திரம் துலக்குவதாக இருக்கலாம். அப்பாவுக்குக் கணக்கெழுதுவதாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு விருப்பமில்லாத பாடமாக இருக்கலாம். அதைத் தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து, ஆண்டவரே, இது உமக்காக என்று மனதில் சொல்லுங்கள். நடுவில் மறந்துபோனால், நினைவு வந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். எரிச்சல் வந்து வாய் தவறினால், மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். இரவில் குடும்பமாகச் செபமாலை சொல்லக் கூடும்போது, அந்த ஒரு வேலையைத் தேவமாதாவின் கரங்களில் ஒப்புக்கொடுங்கள்.

நாசரேத்தூர் வீட்டில் அடுப்பு மூட்டித் தண்ணீர் சுமந்த தேவமாதாவும், மர வேலை செய்த அர்ச். சூசையப்பரும், அந்த வீட்டுக்குள் அவர்களோடு வாழ்ந்த சேசுநாதரும் நம் வீட்டு வேலைகளை ஆசீர்வதித்து, அவற்றைச் செபமாக ஏற்றுக்கொள்வார்களாக.